சுவரில் இருந்த பெயர்

ஆனி மாதத்துக் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் அமிர்தகழிப் பக்கத்து வாவிக்கரையில் பத்து மணிக்குமேல் குந்தியிருக்க முடியாது. தண்ணீர் கீழிறங்கி, கரைச்சேறு பாளம் பாளமாக வெடித்து, செத்த மீன்குஞ்சும் பாசியும் காய்ந்த வாடை மூக்கில் ஏறும். அப்படிக் காற்று அடித்த ஒரு காலையில் பழைய வலைக் கொட்டிலின் முன்னால் பொலிஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. மேபல் அடுப்பில் இருந்த தகரப் பேணியை இறக்கிவைத்து, எரிந்த கொள்ளியை மண்ணில் குத்தி அணைத்தாள். பொலிஸைக் கண்டால் முதலில் அடுப்பை அணைப்பது அவளுக்குக் கரைக்கு வந்த இரண்டு வருடத்தில் பழகிப்போயிருந்தது.

முன்னால் இருந்து இறங்கியவர் கையில் மூன்று பட்டி போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க பொலிஸ் சாஜன். சட்டையில் உதயரூபன் என்று பெயர் குத்தியிருந்தார். பின்னால் இருந்து இறங்கியவள் ஒரு பொலிஸ் பிள்ளை, முப்பது வயது இருக்காது. ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தல், மற்றக் கையில் தடித்த மட்டை போட்ட சீஆர் கொப்பி. மேபலின் கண் கொப்பியிலேயே நின்றது.

"பயப்பிடாதீங்க அன்ரி. நாங்க சமுதாயப் பொலிஸ் பிரிவு. என்ட பேர் யசோதினி. இந்தக் கரையில படுக்கிற ஆக்களைப் பாத்து, ஆருக்கு என்ன தேவை எண்டு எழுதிக்கொண்டு போக வந்தம். தேத்தண்ணி தரட்டா?"

"குடிச்சிட்டம்" என்றாள் மேபல். பேணியில் தண்ணீர் இன்னும் கொதிக்கவே இல்லை.

"சரி. பேரைச் செல்லுங்க."

பெயர் எழுத வருகிறவர்களை மேபலுக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு வீடு வீடாக வந்து எழுதினார்கள். மூன்றாம் நாள் அவளுடைய தம்பி வெய்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது. விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அது பழைய கதை என்று வைத்துக்கொண்டாலும், போன வருடம் நடந்தது பழைய கதை இல்லை. மாமாங்கேஸ்வரர் தீர்த்தத் திருவிழாவுக்கு முந்திய கிழமை ஒருவன் வந்து கரையில் கிடந்தவர்களின் பெயரையெல்லாம் எழுதினான். பிறகு ஒரு லொறி வந்தது. அரசாங்கக் கச்சேரியில் உதவி கொடுக்கிறார்கள் என்று ஏற்றி, வெல்லாவெளிக்கும் அப்பால் காட்டோரம் இறக்கிவிட்டுப் போனார்கள். யார் அனுப்பிய லொறி என்று இன்றுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. மேபலும் புருஷன் ஹியூபர்ட்டும் இரண்டு நாள் நடந்து திரும்பினார்கள். அந்த நடையில் ஹியூபர்ட்டின் இடது பாதத்தில் குத்திய முள், சீனி வருத்தக்காரனின் காலாகையால், ஆறாமல் புண்ணாகி ஒரு வருடமாகக் கிடந்தது.

மேபல் கண்ணைத் தூக்கினாள். வலைக் கொட்டிலுக்கு மிஞ்சியிருந்தது ஒரு தூணும் ஒரேயொரு சுவரும். சுவரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்த அமரர் அழகரத்தினம். கண்ணகையின் அன்புக் கணவர்.

"என்ட பேர் கண்ணகை. இவர் அழகரத்தினம்."

சாஜன் ஹியூபர்ட்டைக் குனிந்து பார்த்தார். ஹியூபர்ட் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிக்காரன். அறுபத்தாறு வயதிலும் பச்சை கலந்த பூனைக்கண். வெயிலில் கறுத்த தோலுக்கு அடியில், கழுத்து மடிப்புகளில், இன்னும் சிவப்பு மிச்சமிருந்தது.

"அழகரத்தினம்?"

"ஓம் சேர்" என்றான் ஹியூபர்ட். மனைவி சொன்னதை அவன் வெளியாட்களுக்கு முன்னால் ஒருநாளும் மறுத்ததில்லை.

"எந்த ஊர் அழகரத்தினம்?"

"களுவாஞ்சிக்குடி" என்று மேபல் முந்திக்கொண்டாள்.

எழுதிக்கொண்டிருந்த யசோதினி நிமிர்ந்தாள். "நானும் களுவாஞ்சிக்குடிதான் அன்ரி. நீங்க எவடம்?"

மேபல் கொள்ளியை இன்னும் ஆழமாக மண்ணில் குத்தினாள். "சின்ன வயசில வெளிக்கிட்டது. இப்ப ஒண்டும் நினைப்பில்லை."

யசோதினி அவளையும் பார்த்து, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுதினாள். போகும்போது சுடுதண்ணிப் போத்தலையும் இரண்டு பணிஸையும் தூணடியில் வைத்துவிட்டுப் போனாள். மேபல் பணிஸை நாய்க்கு ஒரு துண்டு போட்டுப் பார்த்தாள். நாய் தின்றுவிட்டு வாலாட்டியது. அதன் பிறகும் தான் தொடாமல் ஹியூபர்ட்டிடம் கொடுத்தாள்.

"கண்ணகை எண்டு பேர் வைச்ச பொம்பிளைய ஆரும் அன்ரி எண்டு கூப்பிடுவாங்களா?" என்றாள். "அம்மா எண்டெல்லோ கூப்பிடோணும். அவளுக்கு விளங்கிற்று."

"விளங்கினா ஏன் எழுதினவள்?"

"அதுதான் எனக்கும் பயம்."

அவர்களுக்கும் ஒரு காலத்தில் வீடு இருந்தது. டச்பாரில், கடலுக்குப் பக்கத்தில், ஹியூபர்ட்டே கதவும் நிலையும் இழைத்துப் போட்ட வீடு. சுனாமி வீட்டையும் ஒரே மகள் கிம்மையும் கொண்டுபோனது. பிறகு கிடைத்த வீட்டை ஹியூபர்ட்டின் தமையன் பெயரில் எழுதினார்கள். எல்லாரும் ஒரு குடும்பம்தானே என்று இவர்களும் பேசாமல் இருந்தார்கள். தமையன் செத்த மறுவருடம் பிள்ளைகள் அதை விற்றுவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். அதன் பிறகு வாடகை அறை, சொந்தக்காரர் விறாந்தை, பஸ் தரிப்பிடம் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் இந்தச் சுவரடி.

மேபல் காலை ஐந்து மணிக்கே ஸகியாவின் இறால் கொட்டிலுக்குப் போய்விடுவாள். தோணிக்காரர் கொண்டுவந்து கொட்டும் வாவி இறாலை ஸகியா ஐஸ் தூவிப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பாள். ஆறேழு பெண்கள் பலகைத் துண்டில் குந்தியிருந்து தலையைத் திருகி, கோதை உரித்து, முதுகுக் குடலை ஈர்க்கால் இழுத்தெடுப்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் இறால் நீர் விரல் நுனியைத் தின்னத் தொடங்கும். அதற்கென்று பக்கத்தில் படிகாரத் தண்ணீர் ஒரு கோப்பையில் இருக்கும். மேபலின் பெருவிரலில் ரேகையே இல்லை. முடிந்து போகும்போது ஸகியா ஒரு கை இறாலோ, உடைந்த நண்டுக் காலோ மடித்துக் கொடுப்பாள். அதையும் கடைப் பாணையும் வைத்து அவர்களுடைய பகல் சாப்பாடு நடக்கும்.

"அந்தப் பொலிஸ் புள்ள நல்லவ போலதான் தெரியிது மேபலக்கா" என்றாள் ஸகியா. "நேத்து எங்கட கொட்டிலுக்கும் வந்தா. உங்கட மாப்புளட காலப் பத்தித்தான் கேட்டுக்கிட்டு இருந்தா."

"காலைப் பத்தி அவளுக்கென்ன?"

"பார்வை இரிக்கிதானே. நாறுதுகா அந்தக் கால். நாங்க செல்ல மாட்டம், அவ செல்லிட்டா."

மூன்று கிழமையாக யசோதினி வந்துகொண்டிருந்தாள். சில நாள் சாஜனோடு, சில நாள் தனியாக. ஒருநாள் தாதி ஒருத்தியைக் கூட்டிவந்து ஹியூபர்ட்டின் காலைக் கழுவி மருந்து கட்டச் செய்தாள். துணியை அவிழ்த்தபோது தாதி முகத்தைத் திருப்பிக்கொண்டது மேபலுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டும் என்றாள் தாதி. ஹியூபர்ட் மனைவியைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மறுகா இவடத்த ஆர் இருக்கிற?" என்றாள் மேபல். "நாங்க இல்லாத நேரம் சாமானெல்லாம் அள்ளிக்கொண்டு போகத்தானே நிக்கிறீங்க?"

"அன்ரி, கால் கறுக்குது."

"கறுக்கட்டும்."

பஸ் தரிப்பிடத்தில் படுக்கும் அஜந்தாவும் மேபல் பக்கம்தான். முப்பத்தைந்து வயது; புருஷனிடம் அடிவாங்கி ஓடிவந்தவள்; போன வருடம் லொறியில் போனவர்களில் அவளும் ஒருத்தி. "திருவிழாவுக்கு எண்ணிப் பதினாறு நாள் கிடக்கு" என்றாள். "வெளியூர்ச் சனம் வரக்குள்ள எங்களைக் கண்ணில காட்டப்படாது. அதுக்குத்தான் இந்தத் தேத்தண்ணியெல்லாம். நீங்க பாருங்களன்."

அடுத்த கிழமைச் செவ்வாய்க்கிழமை மேபல் பகல் பன்னிரண்டுக்கு வலைக் கொட்டிலுக்குத் திரும்பியபோது சுவரடியில் பாய் மட்டும் கிடந்தது. ஹியூபர்ட்டின் தச்சுச் சாமான் பை தூணில் தொங்கியது. அவனைக் காணவில்லை. கழிக்கப் போயிருப்பான் என்று சம்புப் புல் பக்கம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். கச்சான் காற்று சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது அஜந்தா ஒரு வேலிக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"கொண்டு போட்டாங்கக்கா. காலமை எட்டு மணிபோல. ஜீப்பு."

"ஆரு?"

"அந்தச் சாஜனும் அவளும். அண்ணைக்குக் காய்ச்சல், நடுங்கிக்கொண்டு கிடந்தவர். ரெண்டு பேரும் தூக்கி ஏத்தினவங்க. ஆஸ்பத்திரிக்கெண்டு உங்களிட்டச் செல்லச் சொன்னவள்."

"பின்ன ஏன் வந்து செல்லேல்ல?"

அஜந்தா நிலத்தைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்கெண்டா கொண்டு போவாங்க? போன வருசம் கச்சேரிக்கெண்டுதானே ஏத்தினவங்க. நான் பயத்தில ஒளிச்சிட்டன்."

மேபல் கையில் இருந்த இறால் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். வாவியைச் சுற்றிப்போகும் தெருவில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. பெரியாஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தான். பார்வையிடும் நேரம் இல்லை, வாட்டு இலக்கம் தெரியாமல் உள்ளே விடமுடியாது என்றான். அவள் கெஞ்சியதால் உள்ளே ஆளனுப்பிக் கேட்டான். காலையிலிருந்து வந்த நோயாளர் பெயரில் ஹியூபர்ட் என்று ஒருவரும் இல்லை.

"நல்லாப் பாத்தீங்களா? பறங்கிப் பேர். ஹியூபர்ட்."

"அம்மா, அப்படி ஒரு பேர் இண்டைக்கு வரவே இல்லை."

அப்போது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. ஆஸ்பத்திரி என்று சொன்னது பொய்.  வெல்லாவெளிக் காடு, முள், தண்ணீரில்லாத அந்த இரண்டு நாள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. அன்றைக்கு அவன் நடந்தான். இன்றைக்கு அவனால் எழும்பி நிற்கவே முடியாது.

பொலிஸ் நிலையத்துக்குள் முப்பது வருடத்துக்கு மேலாக அவள் கால் வைத்ததில்லை. அன்றைக்கு வெய்னைக் கேட்டுப் போனபோது பதினோரு நாள் தொடர்ந்து இங்கே மர வாங்கில் குந்தியிருந்தாள். அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை என்று பதினோரு நாளும் சொன்னார்கள். இப்போது கட்டடம் புதிது, வாங்கும் பிளாஸ்ரிக் கதிரையாக மாறியிருந்தது. மேசையில் இருந்தவர் வேறொரு பொலிஸ்காரர், கண்ணாடி போட்டவர். யசோதினியைக் கேட்டாள். கோட்டுக்கு வழக்கொன்றுக்குப் போய்விட்டா என்றார். உதயரூபன்? அவரும் அவவோடுதான்.

"என்ட புருஷனை உங்கட ஜீப்பில ஏத்தினவங்க சேர். ஹியூபர்ட். எங்க கொண்டு போனீங்க?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கம், பிறகு முந்திய பக்கம். "அப்படி ஒரு ஆள் எங்கட புத்தகத்தில இல்லையே."

 மேபல் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இருங்க, இருங்க" என்றார் அவர். "காணாமல் போனவர் எண்டு ஒரு முறைப்பாடு எழுதுவம். என்ன நிறம்? எவ்வளவு உயரம்? கடைசியாக் கண்டது எத்தினை மணி?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வெய்னுக்கும் இதையேதான் கேட்டார்கள். நீல நிறச் சாரம் என்று அன்றைக்குச் சொன்னாள், இன்றைக்கும் நீல நிறச் சாரம் என்றே சொல்லவேண்டியிருந்தது. 

"சரி. முறைப்பாடு குடுக்கிறவர்ர பேர்?"

"கண்ணகை" என்று வாய் தானாகச் சொன்னது.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யூனிபோம் போட்டவன் பெயர் கேட்டால் தான் கண்ணகை. அப்படியென்றால், கொப்பியோடு வந்தவள் ஏற்றிக்கொண்டு போன ஹியூபர்ட்?

"சேர்... அழகரத்தினம் எண்டு பாருங்க."

அவர் பேனையை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இப்ப ஹியூபர்ட் எண்டெல்லோ செல்லிக்கொண்டு நிக்கிறீங்க?"

"ரெண்டும் ஒரு ஆள்தான்."

"ஒரு ஆளுக்கு என்னத்துக்கு ரெண்டு பேர்?" குரலின் தன்மை மாறியிருந்தது. "ஐடென்ரிகாட் கிடக்கா? உங்கடதைக் காட்டுங்க பாப்பம்."

அடையாள அட்டை அவளிடம் இருந்தது. மழைக்கு நனையாமல் ஷொப்பிங் பையில் சுற்றி, சட்டையின் உட்பக்கம் ஊசி குத்தி, வருடக்கணக்காக வைத்திருந்தாள். அதை ஒருநாளும் கரைக்கு வந்த எவனுக்கும் காட்டியதில்லை. காட்டினால் பொய்ப் பெயர் கொடுத்தவள் என்று இவன் உள்ளே தள்ளலாம். காட்டாவிட்டால் ஹியூபர்ட் எங்கே என்று தெரியாமலே போகலாம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி ஊசியைக் கழற்றினாள். விரல் புண்ணில் ஊசி குத்தி இரத்தம் வந்தது.

அவர் அட்டையை வாசித்தார். அவளையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். "மேபல். பின்ன இந்தக் கண்ணகை ஆரு?"

"நான்தான் சேர் பொய் செல்லினது. நோட்டீஸில கிடந்த பேர். அவர்ல பிழையில்லை. நான் செல்லினதை அவர் செல்லினவர். என்னை என்ன செய்தாலும் பறவாயில்லை, அவர் எங்க எண்டு கேட்டுத் தாங்க."

அவர் தொலைபேசியை எடுத்தார். யாரோடோ சிங்களத்தில் பேசினார், பிறகு தமிழில் பேசினார். அந்த ஐந்து நிமிடமும் மேபல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுச் சொன்னார்: "பெரியாஸ்பத்திரிதான். பத்தொன்பதாம் வாட்டு. அழகரத்தினம் எண்டுதான் பதிஞ்சிருக்கு. ஒப்பரேசன் முடிஞ்சுதாம்." அட்டையை நீட்டினார். "இனிமேல் இப்பிடி விளையாடாதீங்க. ஆள் செத்திருந்தா அநாதைப் பிணமெண்டு தாட்டிருப்பாங்க. அழகரத்தினம் எண்டு."

ஹியூபர்ட் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். இடது கால் வெள்ளைத் துணிச் சுருளில் முடிந்தது. பாதத்தின் முன்பாதி இல்லை. தலைமாட்டில் தொங்கிய அட்டையில் அழகரத்தினம் என்று எழுதியிருந்தது. மேபல் கட்டில் விளிம்பில் குந்தி அவனுடைய கையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.

"வந்திட்டியா?" என்றான். மயக்கம் இன்னும் தெளியவில்லை. "மேபல், நான் ஒருத்தருக்கும் செல்லேல்ல. டொக்டர் கேட்டார், அந்தப் பிள்ளையும் கேட்டாள். அங்கிள், உண்மையான பேரைச் செல்லுங்க எண்டு. அழகரத்தினம் எண்டே நிண்டுட்டன். கையெழுத்தும் அப்பிடித்தான் வைச்சன்."

"மடையன்" என்றாள் மேபல். கண்ணீர் அவனுடைய கையில் விழுந்தது. "செல்லித் துலைச்சிருக்கலாம்தானே."

"உன்னைப் பொய்க்காரியாக்கவா?" அவன் சிரிக்கப் பார்த்தான். "செத்த மனிசன்ட பேரில காலைக் குடுத்திட்டன். நல்லவேளை, மிச்சம் என்ட பேரில கிடக்கு."

பார்வையிடும் நேரத்தில் யசோதினி வந்தாள். கோட்டிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். தொப்பி கக்கத்தில் இருந்தது. மேபல் எழும்பி அவளை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள். "முதல் நாளே தெரியும், என்ன?"

"அழகரத்தினம் சேர் எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர் அன்ரி. செத்த வீட்டுக்கும் போனனான்."

"பின்ன ஏன் எழுதினாய்?"

"பொய்ப்பேர் செல்லுற ஆளுக்குப் பயப்பிட ஏதோ காரணம் இருக்கும். அதைக் கிண்டினா அடுத்த நாள் நீங்க இருக்க மாட்டீங்க. மறுகா அந்தக் காலை ஆர் பாக்கிற?"

மேபல் அவளுடைய முகத்தை விடாமல் பார்த்தாள். "ஒண்டு கேக்கிறன், உண்மையைச் செல்லு. இந்தக் கொப்பி திருவிழாவுக்குத்தானே?"

 யசோதினி விறாந்தைக் கம்பிக்கு வெளியே பார்த்தாள். "முதல் கிழமை எனக்குத் தெரியா. உதவி செய்ய எண்டுதான் எழுதச் செல்லினவங்க. நானும் அப்பிடித்தான் நம்பி எழுதினன். முந்தநாள்தான் தெரியும். திருவிழாவுக்கு முதல் கரை வெறுமையா இருக்கோணுமாம். மேல இருந்து வந்த கதை. ஆர் எண்டு எனக்கும் செல்ல மாட்டாங்க."

"லொறி?"

"வெள்ளிக்கிழமை. விடிய ஆறு மணிக்கு." குரலைத் தாழ்த்தினாள். "நான் உங்களிட்டச் செல்லேல்ல. விளங்கிச்சா? மற்ற ஆக்களுக்கு நான் போய்ச் செல்லினா ஓடி ஒளிப்பாங்க, இல்லாட்டி என்ட வேலை போகும். நீங்க செல்லுங்க."

தான் நினைத்தது சரி என்று தெரிந்ததும் மேபலுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. இவள் சொல்வது உண்மையா, அல்லது எல்லாரையும் தாங்களாகவே எழும்பிப் போகவைக்க இதுவும் ஒரு தந்திரமா என்று இன்னொரு பக்கம் மனம் கேட்டது. இரண்டும் ஒரே பிள்ளையின் முகத்தில் இருந்தன. பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

ஆனாலும் அன்று பின்னேரமே கரைக்குப் போய்ச் சொன்னாள். கேட்டவர்கள் ஒருவரும் பாயைச் சுருட்டவில்லை.

"உங்களுக்கு ஆர் செல்லினது?" என்றாள் அஜந்தா.

"அதை விடு. வெள்ளிக்கிழமை விடிய இவடத்த நிக்காத, அவ்வளவுதான்."

"நீங்க பொலிஸுக்குள்ள போய் இருந்துட்டு வந்ததை ஆக்கள் கண்டவங்க. ஐடென்ரிகாட்டையும் காட்டினதாம்." அஜந்தா ஒரு அடி பின்வாங்கினாள். "அண்ணையை ஆஸ்பத்திரியில வைச்சுப் பாக்கிறாங்க. சும்மாவா பாக்கிறாங்க? எங்களை எழுப்பி அனுப்பினா உங்களுக்கு என்ன தாறாங்க?"

 நேற்றைக்கு அஜந்தாவின் இடத்தில் நின்றிருந்தால் மேபலும் இதையேதான் கேட்டிருப்பாள். சிலர் வியாழனே பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அவள் சொன்னதை நம்பிப் போனார்களா, அவளையே நம்பாமல் போனார்களா என்று தெரியாது. அஜந்தா மட்டும் பிடிவாதமாகத் தரிப்பிடத்திலேயே கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை மேபல் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கரைக்கு வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. வாட்டுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று விட்டுவைத்த தன் சாமானை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தாள். சட்டி, பாய், எல்லாவற்றுக்கும் மேலாக ஹியூபர்ட்டின் தச்சுச் சாமான் பை. சுவரடிக்கு இன்னும் நூறு யார் இருக்கும்போது லொறிச் சத்தம் கேட்டது. தெரு வளைவில் வெளிச்சம் திரும்பியது. ஒரு பக்கம் பை தூணில் தொங்கியது. மறுபக்கம் தரிப்பிடத்தில் அஜந்தா போர்வையால் தலையை மூடிக் கிடந்தாள்.

மேபல் தரிப்பிடத்துக்கு ஓடினாள். அஜந்தாவின் போர்வையைப் பிடுங்கி எறிந்து, கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க! விடுங்கக்கா!" என்று அவள் மேபலின் மணிக்கட்டைக் கடித்தாள். மேபல் விடவில்லை. கடித்த பல்லோடு அவளை இழுத்துக்கொண்டு வேலியில் விட்டிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து ஸகியாவின் இறால் கொட்டிலுக்குள் தள்ளினாள்.  ஸகியா அஜந்தாவைப் பலகைத் துண்டில் இருத்தி, முன்னால் ஒரு பெட்டி இறாலை வைத்து, முக்காட்டுத் துணி ஒன்றைத் தலையில் போட்டுவிட்டாள். "தலையத் திருகு. உரி. நிமிந்து பாக்காத."

லொறி கரையில் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். ஆளில்லை என்று கண்டதும் கிடந்தவற்றை அள்ளத் தொடங்கினார்கள். பாய், சட்டி, தறப்பாள், தூணில் தொங்கிய பை. பை லொறித் தட்டில் விழுந்தபோது இரும்புச் சாமான்கள் மோதிய ஓசை இறால் கொட்டில்வரை வந்தது. சீவுளி, உளி, முழக்கோல் எல்லாம் அதற்குள். மேபல் ஒரு பலகைத் துண்டில் குந்தி இறாலை எடுத்தாள். அவர்களில் ஒருவன் கொட்டில் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தான். ஆறேழு பெண்கள் குனிந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். போய்விட்டான்.

லொறி புறப்பட்ட பிறகும் அஜந்தா நிமிரவில்லை. கை மட்டும் உரித்துக்கொண்டிருந்தது. கனநேரம் கழித்து, "கடிச்சிட்டன்" என்றாள். மேபல் தன் மணிக்கட்டைப் படிகாரத் தண்ணீரில் வைத்தாள். எரிந்தது.

பையைப் பற்றி ஹியூபர்ட்டிடம் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் எடுத்தது. கேட்டுவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.  அடுத்த நாள், "அந்தப் பிள்ளை இப்ப எங்க கிடக்குது?" என்று அஜந்தாவைப் பற்றிக் கேட்டான். ஸகியாவின் கொட்டிலிலேயே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்கிறாள் என்று சொன்னாள். அவன் தலையசைத்தான்.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது இருப்பிடம் எங்கே என்று கேட்டார்கள். யசோதினி ஏற்கெனவே யாரையோ பிடித்து ஒழுங்கு செய்திருந்தாள். நகருக்குள் ஒரு தேவாலய வளவின் பின்பக்கம் பாவிக்காமல் கிடந்த காவலாளி அறை. ஒரு யன்னல், ஒரு கதவு, வெளியே தண்ணீர்க் குழாய். மேபல் இரண்டு தரம் மாட்டேன் என்றாள். ஆர் தருகிறது, ஏன் தருகிறது, எத்தனை நாளைக்கு, நாளைக்கு எழும்பச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யசோதினிக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். ஒரு கிழமை இருந்து பார்ப்போம் என்று கடைசியில் மேபல் சம்மதித்தாள். அது ஹியூபர்ட்டின் காலுக்காக, வேறொன்றுக்கும் இல்லை என்று சொல்லித்தான் சம்மதித்தாள்.

தீர்த்தம் முடிந்த மூன்றாம் நாள் பின்னேரம். சனம் கலைந்து, தெருவில் கச்சான் கடலைக் கோதும் ஐஸ்பழக் குச்சியும் பறந்தன. மேபல் அறைக்குள் நிலத்தில் குந்தி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸகியா கொடுத்துவிட்ட இறால் மஞ்சளில் பிரட்டி வைத்திருந்தது. ஹியூபர்ட் கட்டிலில் காலை நீட்டி, எங்கோ பொறுக்கிய பலகைத் துண்டொன்றை இரவல் கத்தியால் சீவிக்கொண்டிருந்தான். கதவு சாத்தி, உள்ளே கொண்டி போட்டிருந்தது. அறைக்கு வந்த நாளிலிருந்து பகலிலும் அவள் கொண்டி போட்டே வைத்தாள்.

யாரோ தட்டினார்கள்.

"ஆரு?"

"நான்தான் அன்ரி. யசோதினி."

மேபல் எழும்பாமலே கதவு நீக்கலால் பார்த்தாள். யூனிபோம் இல்லை. பூப்போட்ட கவுண், தோளில் ஒரு பை, நெற்றியில் வியர்வை. கையில் கொப்பி இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு கைதான் தெரிந்தது.

"ஆரோட வந்த?"

"தனியத்தான் அன்ரி. சும்மா பாத்திட்டுப் போக வந்தன்."

மேபல் திரும்பவும் கத்தியை எடுத்து வெங்காயத்தை வெட்டினாள். ஹியூபர்ட் சீவுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"திறவன். வெயிலுக்க நிக்கிறாள்."

"கொஞ்சம் நிக்கட்டும்" என்றாள் மேபல்.

வெளியே அந்தப் பிள்ளை மறுபடி தட்டவில்லை, போகவும் இல்லை. மேபல் மிச்சம் இருந்த இரண்டு வெங்காயத்தையும் அவசரப்படாமல் உரித்து, வெட்டி, கோப்பையில் போட்டாள். கத்தியைத் துடைத்து வைத்தாள். பிறகு எழும்பிப் போய்க் கொண்டியைத் தூக்கினாள்.